நெருப்பு கடிக்காத கால்

என் புருஷன் கம்மூனைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். வைத்தியன் காலை நெருப்பே தின்றுவிட்டது என்று சிலர். பெண்டாட்டிக்காரி ஏர்க்கொழுவின் மேல் தண்ணீரைக் கொட்டினாள், குருவின் கோபம் அவன் காலில் இறங்கிவிட்டது என்று மற்றவர்கள். அந்தப் பெண்டாட்டிக்காரி நான்தான், புவாலா. கொட்டினேன். இன்னொரு தடவை அப்படி ஒரு நாள் வந்தாலும் கொட்டுவேன். பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான், அவர்கள் இல்லை.

அவருடைய வைத்தியம் கால் வைத்தியம். இடுப்புப் பிடிப்பு, முட்டி வலி, வாதம் விழுந்தது, மரத்திலிருந்து விழுந்தது என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். ஆளைப் பாயில் படுக்க வைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, குருவுக்குப் பூவும் மெழுகுவத்தியும் வெற்றிலையும் ஒரு குப்பி அரிசிச் சாராயமும் தட்டில் வைத்துக் கும்பிடுவார். அடுப்பில் ஏர்க்கொழு, அதாவது கலப்பை முனை இரும்பு, செக்கச் செவேலென்று காய்ந்துகொண்டிருக்கும். புதுக் கொழு ஆகாது. மண்ணை உழுது தேய்ந்த கொழுவாக இருக்க வேண்டும். மண்ணின் குளிர்ச்சி உள்ளே இருந்தால்தான் நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்கும். குறுக்கே கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தைக் கிழங்கெண்ணெயில் தோய்த்து, மந்திரத்தை முணுமுணுத்து ஊதி, கொழுவின் மேல் வைப்பார். குப்பென்று தீ எழும்பும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். அதே பாதத்தை எடுத்து நோயாளியின் உடம்பில் வைத்து அழுத்தி இழுப்பார். உடம்புக்குள் இருக்கிற நெருப்பு அணைந்த இடம்தான் விழுந்துபோகிறது, வெளியே இருக்கிற நெருப்பைக் கொண்டுபோய் அதை மறுபடி பற்ற வைக்க வேண்டும் என்பார். பற்ற வைப்பது அவர் வேலை, கரியை விசிறுவது என் வேலை.

அவரை நெருப்பு சுடாது என்று ஊரே நம்பியது. எனக்குத் தெரியும், சுடும். மந்திரம் சூட்டைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. கொழுவில் கால் வைக்கும்போதெல்லாம் அவர் தாடை இறுகுவதை நான் பார்ப்பேன். வந்தவர்கள் போனதும் வாசல் படியில் உட்கார்ந்து, காலைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுக்கொண்டு, கற்றாழை கேட்பார். வெளியே புலி, வீட்டுக்குள் கற்றாழைக்கு அழுகிற பூனை என்று நான் கேலி செய்வேன். அவருக்குக் கோபம் வராது. சொல்வார்: "என் காலு தாங்குற சூட்டத்தான் அடுத்தவன் மேல வைக்கலாம். அளவு பாக்குறதே இந்தக் காலுதான். இதுக்கு வலிக்கலைன்னா யாருக்கு எவ்வளவு வைக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். அதனால்தான் அவருக்கு இத்தனை வருஷம் விசிறினேன்.

ஆனால் அவருடைய மனசுக்குள் வேறொரு ஆசையும் இருந்தது. அவருக்கு மந்திரம் கொடுத்த குரு, விரதம் தவறாமல் இருக்கிறவனுக்கு ஒரு நாள் நெருப்பு தண்ணீராகிவிடும் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போயிருந்தார். இவரும் சாவு வீட்டில் கை நனைக்காமல், சுரைப் பந்தலுக்கு அடியில் நுழையாமல், பெண்கள் துணி காயும் கொடிக்குக் கீழே தலையைக் கொடுக்காமல் பார்த்துப் பார்த்து வாழ்ந்தார். மழை நாளில் துணி காயப்போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புத்தாண்டுக்குக் குருவுக்குப் படையல் போட்ட அன்றைக்கு ஒரு லாரி டிரைவருக்கு இடுப்பில் நெருப்பு வைத்தார். எல்லோரும் போன பிறகு நான் கற்றாழையைக் கீறி எடுத்து வந்தேன். அவர் படியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"புவாலா, இன்னிக்கு அது கடிக்கலைடி," என்றார்.

"எது?"

"நெருப்பு. ஆத்துல கால வச்ச மாதிரி இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு எனக்கும் தலைகால் புரியவில்லை. சமையலுக்கு வைத்திருந்த கோழியோடு இன்னொன்றையும் அடித்தேன்.

பிறகு ஒரு நாள் சந்தைக்குப் போனவர் ஒற்றைக் காலில் ரப்பர் செருப்போடு திரும்பி வந்தார். வலது கால் செருப்பைக் காணோம். எங்கே விட்டாய் என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார். சந்தையிலிருந்து வீடு வரை சாலை போடக் கொட்டிய ஜல்லி. அதன் மேல் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், செருப்பு கழன்றதே தெரியவில்லை. நெருப்பு மட்டும் இல்லை, கல்லும் முள்ளும்கூட வழிவிடுகின்றன என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதமே கூட்டம் பெருகிவிட்டது. நெருப்பு அடங்கிய வைத்தியர் என்று பேச்சு பரவி, பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். முன்பெல்லாம் கொழுவில் காலை வைத்த மாத்திரத்தில் எடுத்துவிடுவார். இப்போது கூட்டம் பார்க்கட்டும் என்று நிற்க ஆரம்பித்தார். தீ கணுக்காலைச் சுற்றி எரியும், அவர் யாரிடமாவது ஊர் நியாயம் கேட்டுக்கொண்டிருப்பார். ஜனங்கள் கும்பிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டு உன்ருவான் ஊர்ச் சுகாதாரத் தொண்டர். வீடு வீடாகப் போய் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். இவர் மட்டும் விரலைக் கொடுக்க மாட்டார். "நீ ஊசி குத்தி ரத்தம் எடுக்குறே, நான் நெருப்பு வச்சு வலி எடுக்குறேன். அவங்கவங்க தொழில அவங்கவங்க பாப்போம், தாயி," என்பார். அவளும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

தேனாய் இனிக்கிற லாம்யாய்ப் பழம் பழுக்கிற காலம். எங்கள் தோட்டத்துப் பழத்தைக் கொத்துக் கொத்தாக உரித்துத் தின்பார், பிறகு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். வேலியோரம் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்ப்பதை ஒரு காலையில் பார்த்தேன். நான் படிக்காதவள்தான், ஆனால் எறும்பு எதற்கு வரும் என்று தெரியாதவள் இல்லை. உன்ருவானிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. எப்படியாவது அழைத்து வாருங்கள் அக்கா, சர்க்கரை முற்றினால் கால் மரத்துப்போகும், பாதத்தையும் பார்க்க வேண்டும் என்றாள்.

வந்து அவரிடம் சொன்னேன். முதலில் நயமாகத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நீ பொறாமையில் பேசுகிறாய், பெண்ணுக்கு இந்த வரம் புரியாது என்றார். அப்போதுதான் எனக்கு வாய் மீறிவிட்டது.

"இந்தா பாரு, ரின் அப்பா. நெருப்பு ஒண்ணும் உனக்கு அடங்கலை. உன் காலு செத்துப்போச்சு."

அவர் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்துபோய்க் குருவின் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் சோறு வைத்தால் சாப்பிடுவார், தண்ணீர் வைத்தால் குடிப்பார், என் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார். காலைக் கழுவிவிடுகிறேன் என்றாலும் இழுத்துக்கொள்வார். வெளியூரில் பொறியியல் கம்பெனியில் வேலை பார்க்கிற எங்கள் மகள் ரின்னுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவள் அப்பாவிடம் பேசினாள். பேசி முடித்ததும் அம்மா நீதான் பெரிசு பண்ணுகிறாய் என்று என்னிடமே திரும்பினாள். அத்தனை பேரையும் நம்ப வைத்துவிட்டார் மனுஷன்.

இந்த நேரத்தில்தான் உன்ருவானின் புருஷன் தியாங் வயலில் விழுந்தான். ஒரு பக்கம் கையும் காலும் போய்விட்டது, பேச்சு குழறியது. டவுன் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனிமேல் வீட்டில் பயிற்சி கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் கொடுத்துப் பார்த்தாள். கால் அசையவில்லை. ஒரு நாள் காலையில் அவனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

நான் அவளைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனேன். உனக்குத் தெரியாததா, நீதானே காலைப் பார்க்க வேண்டும் என்றாய், வேண்டாம் உன்ருவான் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எனக்கு எல்லாம் தெரியும் அக்கா. ஆனா ஆஸ்பத்திரில இனி ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டாங்க. மாமா கையில என்னவோ இருக்குனு என் வீட்டுக்காரர் நம்புறாரு. நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?"

அவளிடத்தில் நான் இருந்தாலும் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியைக் கையில் எடுத்தேன். வேறு யாரையாவது விசிற விட்டால் கரியைக் கொட்டி எரித்துவிடுவார்கள், நானாவது தணலைக் குறைத்து வைக்கலாம் என்று நினைத்தேன்.

தியாங்கைப் பாயில் படுக்க வைத்தார்கள். அவனும் இவரும் சேவல் சண்டைக்காரர்கள், சேர்ந்தால் பேச்சு அதுதான். இவர் காலை எண்ணெயில் தோய்த்து, ஊதி, கொழுவில் வைத்தார். தீ எழும்பியது. நின்றார். நின்றுகொண்டே, உன்னுடைய அந்தச் சிவப்புச் சேவல் போன பந்தயத்தில் என்ன ஆனது என்று கேட்டார். அது சண்டைக்குப் போகவில்லை அண்ணே, பெட்டைக்கோழி பார்க்கப் போனது என்று தியாங் கோணல் வாயால் குழறினான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். விழுந்த நாளிலிருந்து அவன் பேசிய முதல் வேடிக்கை அது. உன்ருவான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இவர் பாதத்தை எடுத்து அவனுடைய செத்த தொடையில் வைத்தார். அழுத்தினார். இழுக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு சேவலுக்கு என்ன தீனி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி கொழு, மறுபடி தொடை. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிக நேரம்.

எங்கள் வாசலில் எப்போதும் எண்ணெய் கருகுகிற வாசனை இருக்கும். அது எனக்குப் பழகிப்போனது. அன்றைக்கு அதற்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. யாரோ பன்றித் தோலை வாட்டுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். சுற்றிப் பார்த்தேன். யார் வீட்டிலும் புகை இல்லை. திரும்பி இவர் காலைப் பார்த்தேன்.

காலுக்குக் கீழே தியாங்கின் தோல் சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொடுக்கிற காலுக்கும் தெரியவில்லை, வாங்குகிற காலுக்கும் தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் அந்தச் சூடு யாருக்குமே சுடவில்லை.

கரி அணைக்க வைத்திருந்த வாளியைத் தூக்கி அப்படியே கொழுவின் மேல் கொட்டினேன். புஸ்ஸென்று ஆவியும் சாம்பலும் எழும்பி ஒருவருக்கும் ஒருவர் தெரியவில்லை. குருவைக் கும்பிட்டு மூட்டிய நெருப்பில் தண்ணீர் ஊற்றுவதென்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கூட்டம் பின்வாங்கியது. இவர் மூங்கிலைப் பிடித்தபடி நின்றார்.

"என்னடி பண்ணிட்டே?"

"காலை எடுய்யா அவன் மேலிருந்து."

எடுத்தார். தோலும் கூடவே வந்தது. உன்ருவான் ஓடி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தியாங் தலையைத் தூக்கித் தன் தொடையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என் முகம் எப்படி இருந்ததோ, பாவம், எனக்கு ஆறுதல் சொன்னான். வலிக்கலையே அக்கா, ஒண்ணுமே வலிக்கலையே என்றான்.

இவர் அப்போதும் விடவில்லை. பார்த்தாயா, அவனுக்கே வலிக்கவில்லை, நீதான் கெடுத்துவிட்டாய் என்று என் மேல் பாய்ந்தார். அவர் தோளைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தேன். வலது காலை இழுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன். புத்தாண்டுக்குப் பிறகு அந்தப் பாதத்தை அவர் என்னைப் பார்க்கவே விடவில்லை. எண்ணெய்க் கரியைத் துணியால் துடைத்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி. ஓரமெல்லாம் வெளுத்து, உள்ளே கறுத்து, சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாளாக அதோடு நடந்தாரோ, எத்தனை பேர் மேல் அதை வைத்தாரோ. என் ஆள்காட்டி விரலை அந்தக் குழிக்குள் விட்டேன். விரல் உள்ளே போனது. கடினமாக ஒன்று தட்டுப்பட்டது. அது எலும்பு.

"வானத்தப் பாரு," என்றேன். "பாத்துக்கிட்டே சொல்லு. இப்ப என் விரல் எங்க இருக்கு?"

அவர் மேலே பார்த்தார். உதடு அசைந்தது, மந்திரமோ என்னவோ. பிறகு, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளையைப் போல, "குதிகால்ல?" என்று கேட்டார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஜெயித்தவள் நான்தான், சொன்னது எல்லாம் சரியாகப் போயிற்று. அப்படி ஒரு ஜெயிப்பு எந்த எதிரிக்கும் வேண்டாம். அவர் மெல்லக் குனிந்து என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கும்பிடுகிற மாதிரி தியாங் பக்கம் கையைக் குவித்தார். கை கீழே இறங்கவே இல்லை, நான்தான் பிடித்து இறக்கினேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் விஷம் மேலே ஏறிவிடும் என்றார் டாக்டர். இவர் மறுப்புச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். எடுத்த காலை என்ன செய்வது என்று கேட்டார்கள், புத்த விகாரைச் சுடுகாட்டில் எரிக்கச் சொன்னார். ரின் அழுதுகொண்டே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள். அப்பாவை முன்னாலேயே பார்க்காமல் போனேனே என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளைத் திட்டவில்லை.

தியாங்கின் புண் ஆற மழைக்காலம் முழுக்க ஆயிற்று. இன்னும் அவன் நடக்கவில்லை, இனி நடப்பான் என்று நான் நினைக்கவும் இல்லை. உன்ருவான் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. வழக்கம்போல வருகிறாள். இவர் இப்போது கேட்காமலே விரலை நீட்டுகிறார். அவள் குத்தி, பார்த்து, எழுதிக்கொண்டு போய்விடுகிறாள். மாமா என்று கூப்பிடுவதில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொழுவையும் தட்டையும் மூங்கிலையும் இவரே எடுத்துப் போடச் சொன்னார். வாசல் வெறிச்சென்று ஆகிவிட்டது. நாள் முழுக்கப் பாயில் உட்கார்ந்திருப்பார். அறுத்த இடம் ஆறி, கட்டும் பிரித்தாகிவிட்டது. இனிமேல் கட்டைக்கால் பொருத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

போன வாரம் சோறு வேக வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஓடினேன். பாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் வியர்வை.

"காலு எரியுது, புவாலா. தாங்கல."

இடது காலைத் தொட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டினார். வலது பக்கம் கையைக் காட்டினார். தொடைக்கும் முட்டிக்கும் அப்பால், பாய் மட்டும் இருக்கிற இடம்.

அங்கே ஒன்றும் இல்லையே என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அவர் தாடை இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வெறும் பாயைப் பார்த்து மந்திரம் சொல்லி ஊதினார். திரும்பத் திரும்ப ஊதினார். குறையவில்லை.

"அந்தச் சூடெல்லாம் எங்கயோ போயிருச்சுனு நெனச்சேன்," என்றார். "எங்கயும் போகலை. இப்ப மொத்தமா வருது. தியாங்குக்கு வச்சதும் சேந்து வருது."

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். சிலருக்கு அப்படித் தோன்றும், மாத்திரை தருகிறோம், நாளைக்குக் கூட்டி வாருங்கள் என்றார்கள். நாளைக்கு வரை என்ன செய்வது? துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தேன். எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு முட்டிக்கு அப்பால், பாதம் இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அந்த அளவில், பாயின் மேல் விரித்துப் போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார்.

கீழே நகர்த்தி வைத்தேன்.